தேயிலைத் தோட்டத்தில் பெற்றோர் பயிற்சி: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

இலங்கையின் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு சமூக சேவை அமைப்புக்காக வேலை செய்யும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பயிற்சியைத் தமிழில் நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள். ஒன்பது குழு வகுப்பு, மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. நாலாவது வகுப்புக்குள் பாதித் தாய்மார் நின்றுவிட்டார்கள். வருகிறவர்களும் வீட்டில் செய்து பார்ப்பதில்லை. மேலிடம் ஐந்து வகுப்பாகக் குறைக்கச் சொல்கிறது. எதை வெட்டலாம்? அம்மாவுக்குப் பதில் பாட்டி வந்தால் சரியா? கோடாங்கி (குறிசொல்பவர்), செய்வினை என்று பேசுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

வகுப்புகளை வெட்டாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். நேரத்தை மாற்றுங்கள், இடத்தை மாற்றுங்கள், யார் வந்து உட்கார வேண்டும் என்பதை மாற்றுங்கள். ஆட்கள் குறைந்ததற்குப் பாடம் நீளமாக இருப்பது காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாடத்தை எழுதியவர்கள் மனதில் இருந்த வீடு வேறு, நம் லயத்து வீடு (ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் அறை) வேறு. அதைச் சரிசெய்யாமல் ஒன்பதை ஐந்தாக்கினால் இரண்டாவது வகுப்பிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஓட்டிசம் (ஆட்டிசம்), அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பேச்சுத் தாமதம் போன்றவை உள்ள 2 முதல் 9 வயது வரையான பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கான பயிற்சி இது. பேச்சு சிகிச்சையாளரோ தொழில்வழி சிகிச்சையாளரோ எட்டாத இடங்களில், சில வாரங்கள் பழகிய சாதாரண ஊழியர்களே நடத்தலாம் என்று யோசித்து உருவாக்கினார்கள். பல நாடுகளில் நடத்திப் பார்த்து, 2022இல் அதன் கைநூல்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். மலையகத்துக்கு இது ஏன் தேவை என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்த் திரும்பினால் ஒரு நாள் முடிந்தது. ராகமையில் உள்ள அயாட்டி என்ற சிறுவர் குறைபாட்டுச் சிகிச்சை நிலையம் இன்னும் தூரம். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், பஸ் காசு போகும், அங்கே தமிழில் நிதானமாகப் பேச ஆள் கிடைப்பார்களா என்பதும் நிச்சயமில்லை. ஒரு முறை போனவர்கள் அடுத்த முறை போகாமல் விடுவது அவர்களுக்கு அக்கறை இல்லாததால் அல்ல.

எந்தத் திட்டத்திலும் உயிர் எது, உடுப்பு எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பயிற்சிக்கு உயிர் நாலு விஷயத்தில் இருக்கிறது. நடத்துபவர் செய்து காட்டுகிறார். வளர்ப்பவர் தன் கையால் செய்து பார்க்கிறார். பக்கத்தில் ஒருவர் இருந்து 'இது நல்லா வந்துச்சு, இங்கே கொஞ்சம் பொறுங்க' என்று சொல்கிறார். பிறகு அதையே வீட்டில் தினமும் ஐந்து பத்து நிமிஷம் செய்கிறார்கள். மற்றதெல்லாம், எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தக் கட்டடம், என்ன பொம்மை, யார் பேசுவது, எந்தப் படம் என்பதெல்லாம் உடுப்பு. மலைக்கு ஏற்ற மாதிரி தைத்துக்கொள்ளலாம்.

சிகிச்சை முறைகளை வேறு சமூகத்துக்கு ஏற்ப மாற்றுவது பற்றி 1995இல் உளவியலாளர் பெர்னாலும் அவருடைய சகாக்களும் எட்டு அம்சங்களைப் பார்க்கச் சொன்னார்கள்: மொழி, ஆட்கள், உவமைகள், உள்ளடக்கம், கருத்துகள், இலக்குகள், முறை, சூழல். நம் நாட்டில் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். தமிழாக்கம் வந்துவிட்டது, எனவே தமிழருக்குப் பொருந்திவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். இங்கிலாந்தில் பேச்சு சிகிச்சையாளர்கள் நடத்திய ஓர் ஓட்டிசப் பெற்றோர் பயிற்சியை இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் குடும்பங்களோடு சோதித்தார்கள். நடத்தியவர்கள் சிறப்பு நிபுணர்கள் அல்ல, சாதாரண சுகாதார ஊழியர்கள். 2016இல் முடிவு வெளியானது. பிள்ளையின் போக்குக்கு ஏற்பப் பெற்றோர் பதில் கொடுப்பது தெளிவாகக் கூடியிருந்தது, பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முயல்வதும் கூடியிருந்தது. ஆளையும் இடத்தையும் மாற்றினாலும் பலன் வரும் என்பதற்கு இது நல்ல சான்று. அங்கே அவர்கள் விடாமல் வைத்துக்கொண்டது, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்திருக்கும்போது பக்கத்தில் இருந்து வழிகாட்டும் அந்த வேலையைத்தான்.

சரி, இனி உங்கள் வகுப்புக்கு வருவோம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் கொழுந்தெடுக்கும் தாய் மலையில் இருக்கிறாள். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அந்த 2024 கணக்கில் மட்டும் பார்த்தாலும் உங்கள் ஒரு வகுப்புக்கு வர அவள் 1,350 ரூபாய் கட்டுகிறாள், ஒன்பதுக்கும் 12,150 ரூபாய். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது. அரை நாள் வந்துவிட்டுத் திரும்ப மலைக்குப் போகலாம் என்றாலும், கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும். இவ்வளவும் தெரிந்தும் மூன்று வகுப்புக்கு வந்தார்கள் என்றால், அந்தத் தாய்மாருக்கு இதில் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

தோட்ட நிர்வாகத்திடம் அரை நாளைச் சம்பளத்தோடு விடச்சொல்லிக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். நலன்புரி உத்தியோகத்தர் மூலமும் தொழிற்சங்கத்தின் மூலமும் எழுத்தில் கேளுங்கள். ஆனால் அதை நம்பி அட்டவணை போடாதீர்கள். துரை (தோட்ட மேலாளர்) மாறினால் அனுமதியும் மாறிவிடும். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வைப்பதே எனக்குத் தெரிந்தவரை நிலைத்து நிற்கும். ஞாயிறு காலையைத் தொடாதீர்கள். விறகு, துணி துவைப்பது, கோயில், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்குவது எல்லாம் அப்போதுதான். பத்தாம் திகதிச் சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிற்றையும் விட்டுவிடுங்கள். போயா (முழுநிலவு விடுமுறை) நாட்களும் உதவும். கொழுந்து பொங்கி வரும் சித்திரை, வைகாசியில் புதிதாக ஒரு சுற்றைத் தொடங்காதீர்கள். தலவாக்கலை, ஹட்டன் பக்கம் ஆனி, ஆடி மழையில் ஒரு கணக்கிலிருந்து (தோட்டப் பிரிவிலிருந்து) இன்னொரு கணக்குக்கு நடப்பதே சிரமம். பதுளை, பசறைப் பக்கம் ஐப்பசியிலிருந்து மழை பிடித்துக்கொள்ளும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மலைநாடு பட்ட பாட்டைப் பார்த்தோம். எனவே ஒன்பது வகுப்பையும் ஒன்பது தொடர் வாரங்களில் முடிக்கும் திட்டமே வேண்டாம். நடுவில் இரண்டு வகுப்பு தள்ளிப்போனாலும் அறுந்துபோகாத மாதிரி இடம்விட்டுப் போடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமானது. பாட்டி வந்தால் சரியா என்று கேட்கிறீர்கள். பாட்டி வராவிட்டால் சரியில்லை என்பதே என் பதில்.

பிள்ளை விழித்திருக்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். தாய் விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடுகிறாள். திரும்பி வரும்போது மாலை ஐந்து தாண்டிவிடும். எட்டு மணிக்குப் பிள்ளை தூங்கிவிடும். வேலை நாளில் அந்தப் பிள்ளையோடு பகல் முழுவதும் இருப்பது அப்பாயி, அம்மாயி, பிள்ளைக் காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) ஆயா, பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்கா. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தால் பாட்டிதான் எல்லாம். 'தாய்' என்று அச்சடித்த அழைப்பிதழை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பங்களுக்குள் போனால், பிள்ளையை உண்மையில் வளர்ப்பவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

அதனால் முதல் வீட்டுச் சந்திப்பில், படிவத்தை எடுப்பதற்கு முன், பிள்ளையின் ஒரு நாளை வீட்டாரோடு சேர்ந்து வரிசைப்படுத்துங்கள். எழுதத் தெரியாதவர் இருந்தாலும் பரவாயில்லை. தேயிலைக் கொட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்து, இது விடியற்காலை, இது ஆயா வீட்டுக்குப் போகும் நேரம், இது சாப்பாட்டு நேரம் என்று வைத்து, ஒவ்வொன்றிலும் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சில சமயம் வீட்டாருக்கே புதிதாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் யாரை வகுப்புக்கு அழைப்பது என்று முடிவுசெய்ய வேண்டும்.

நான் சொல்வது ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர்: பகலில் கூட இருப்பவர் ஒருவர், வீட்டில் முடிவெடுப்பவர் ஒருவர். தாய் மட்டும் படித்துக்கொண்டு வந்து செய்தால், 'எங்க காலத்துல பேசாத புள்ளைங்க எல்லாம் தானா பேசலயா, நீ என்னமோ புதுசா பண்ற' என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னாலே போதும், அடுத்த நாள் நின்றுவிடும். பாட்டி மட்டும் படித்தால் மாலையில் தாய் பழைய மாதிரியே செய்வாள், பிள்ளை குழம்பும். இருவரும் ஒரே வகுப்புக்கு வர வேண்டும் என்றில்லை. ஒருவர் வகுப்புக்கு வரட்டும், மற்றவர் இருக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போங்கள்.

அப்பாமாரை ஏன் எல்லோரும் கைவிட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. கவ்வாத்து வெட்டுபவர்களும் (தேயிலைச் செடியைக் கத்தரிப்பவர்கள்) மருந்து அடிப்பவர்களும் கொடுத்த வேலையை முடித்துவிட்டு மதியம் ஒன்று, இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பெண்கள் வரும்வரை மூன்று மணி நேரம் இருக்கிறது. குடி ஒரு பிரச்சினைதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் குடிக்காத அப்பாக்களும், குடித்தாலும் பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பாக்களும் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். மூன்று மணிக்கு அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். பேச ஓர் ஆண் இருந்தால் நல்லது.

அக்காமார் விஷயத்தில் மட்டும் கவனம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை விளையாட்டாகத் தம்பியோடு செய்யட்டும், அது இருவருக்கும் சந்தோஷம். ஆனால் அவளைப் பொறுப்பாக்கினால், பள்ளிக்கூடத்திலிருந்து நிற்பாட்டுவதற்கு நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

வீட்டில் செய்து பார்ப்பதில்லை என்கிறீர்கள். தனியாக நேரம் ஒதுக்கி, தரையில் உட்கார்ந்து, பொம்மை வைத்து விளையாடச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), சில்லென்ற சிமெந்துத் தரை, அடுப்பில் சோறு. பயிற்சியிலேயே விளையாட்டோடு வீட்டு வேலைகளும் சேர்ந்துதான் வருகின்றன. மலையகத்துக்கு அந்த இரண்டாவது பாதையைத்தான் முதலாவதாக எடுக்க வேண்டும். ரொட்டி தட்டுவது, பீலிக்கரையில் (தண்ணீர்க் குழாயடியில்) கால் கழுவுவது, துணி மடிப்பது, தலைக்கு எண்ணெய் வைப்பது, கோழிக்குத் தீனி போடுவது என்று தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குள் காத்திருப்பதையும் பார்ப்பதையும் பெயர் சொல்வதையும் நுழைக்க வேண்டும்.

கொட்டகலைப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஐந்து வயதுப் பையன், பேச்சில்லை. மாலையில் அம்மாயி ரொட்டிக்கு மாவு பிசையும்போது சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பான். அவரும் அவனை அடுப்பருகே வரவிடாமல் ஒரு கையால் தள்ளிக்கொண்டே மறு கையால் வேலையைப் பார்ப்பார். மாவுச் சட்டியை இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) எடுத்துவரச் சொன்னோம், அடுப்பிலிருந்து தள்ளி. சாக்கை விரித்து அவனை எதிரே உட்காரவைத்தார். ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளி, உடனே கொடுக்காமல், அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பழக்கமில்லாதவருக்கு அந்தச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவர் விரலிலேயே தெரிந்தது. பையன் உருண்டையைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். 'மாவு' என்று சொல்லிக் கொடுத்தார். அவன் அமுக்கினான், அவரும் அதேபோல் ஒன்றை அமுக்கினார். அவன் பலகையில் தட்டினான், அவரும் தட்டினார். மூன்றாவது உருண்டைக்கு அவனே கையை நீட்டி 'ம்' என்றான். அந்த வீட்டுக்குப் புதிதாக நேரமோ பொருளோ தேவைப்படவில்லை. ரொட்டி எப்படியும் சுட வேண்டியதுதான்.

பிள்ளையின் கத்தல், அடம் பற்றிய வகுப்புகளில் இன்னொரு சிக்கல் வரும். ஆபத்தில்லாத அடத்தைக் கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்று பாடம் சொல்லும் இடங்கள் உண்டு. லயத்தில் அது நடக்காது. ஒரே கூரை, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். விடியற்காலையில் எழ வேண்டியவர் 'புள்ளைய அடக்கத் தெரியாதா' என்று சத்தம் போட்டால், தாய்க்கு இரண்டே வழி: அடிப்பது, இல்லையென்றால் கேட்டதைக் கொடுப்பது. எனவே அந்தப் பகுதியைச் சுருக்கி, கத்தல் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்கும் பகுதிக்கு இரு மடங்கு நேரம் கொடுங்கள். பல வீடுகளில் கத்தல் மாலை ஐந்தரைக்குத்தான் தொடங்கும். நாள் முழுக்கக் காத்திருந்த பிள்ளை, தாய் வந்தவுடன் ஓடி வருகிறது. அவளோ குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு, பிறகு அடுப்புக்கு. பிள்ளை கத்துகிறது. கூடையை இறக்கியதும் பத்து நிமிஷம் பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டுப் பிறகு தண்ணீருக்குப் போவது என்று வீட்டில் பேசி ஒழுங்கு பண்ணினாலே பாதிச் சண்டை குறையும். முதல் குடத்தை அப்பா எடுத்து வரட்டும். குடும்பம் சம்மதித்தால் பக்கத்துக் காம்பராக்காரர் ஒருவரையும் அந்த வகுப்புக்கு அழையுங்கள். காரணம் தெரிந்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள்.

வீட்டில் அடி உதை இருப்பது தெரியவந்தால் நடத்துபவர் தனியாகச் சமாளிக்கப் பார்க்கக்கூடாது. பிள்ளைகளுக்கான 1929, பெண்களுக்கான 1938 என்ற இலக்கங்களும், பிரதேச செயலகத்தில் யாரைப் பார்ப்பது என்பதும் முதல் நாளே உங்கள் ஊழியர் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் குழுவில் பெருமூளை வாதமுள்ள (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத) பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரு கணக்கில் மூன்று நாலு பிள்ளைகள்தான் என்னும்போது குறைபாட்டு வகையைப் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆனால் படுக்கவைத்தே சோறு ஊட்டப்படும் பிள்ளையின் தாய்க்கு விளையாட்டு வகுப்பு முதல் தேவை அல்ல. சோறு மூச்சுக்குழாய்க்குள் போய், அந்தக் குளிரில் அடிக்கடி நெஞ்சுச் சளி பிடித்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகும். தென்னாபிரிக்காவில் தொடங்கி பங்களாதேஷில் திருத்தி எழுதப்பட்ட பெற்றோர் பயிற்சி ஒன்று இதற்கென்றே இருக்கிறது: எப்படித் தூக்குவது, எப்படி நிமிர்த்தி உட்காரவைப்பது, எப்படி ஊட்டுவது. அதன் உட்காரவைக்கும், ஊட்டும் பாடங்களை இந்தக் குடும்பங்களுக்கு வீட்டுச் சந்திப்பில் முதலில் கொடுங்கள், முடிந்தால் ஆஸ்பத்திரி இயன்மருத்துவர் ஒருவரை ஒரு முறையாவது கூட்டிப் போங்கள். சக்கர நாற்காலி வாங்கிக் கொடுப்பதற்கு முன் அந்த லயத்துக்குப் போகும் படிகளை எண்ணுங்கள். தச்சரிடம் சொல்லி, பிள்ளையின் அளவுக்குப் பலகையில் ஓர் இருக்கை செய்தால் தினமும் பயன்படும்.

இனி கோடாங்கி. சண்டைக்குப் போகாதீர்கள், இதுதான் என் அனுபவம். கண்ணூறு, செய்வினை, கிரகணத்தில் வெளியே போனது, மலையில் தடுக்கி விழுந்தது என்று தாய் பத்துக் காரணம் சுமந்துகொண்டிருப்பாள். அவற்றில் பெரும்பாலானவை அவளையே குற்றவாளியாக்குபவை. ஒன்றொன்றாக மறுத்தால் அவள் வாயை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். 'சாமிக்குச் செய்வதைச் செய்யுங்கள், கூடவே இதையும் செய்யுங்கள், இது நீங்கள் செய்த தப்பால் வந்ததில்லை' என்று முதல் வகுப்பிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தைப் பாட்டிகளுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். மூன்று இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: வலிப்பு மருந்தை நிறுத்தச் சொன்னால், பிள்ளையை அடித்தோ புகைபோட்டோ விரட்டச் சொன்னால், கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் செலவழிக்கச் சொன்னால். அப்போது தாயிடம் தனியாக, தெளிவாகப் பேசுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதைப் பூசாரியிடமும் போய்ச் சொல்லலாம். கேட்டுக்கொள்ளும் பூசாரிகள் உண்டு.

நடத்துபவர்கள் அதே தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ வளர்ந்த பெண்களாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. முன்பள்ளி ஆசிரியை, பிள்ளைக் காம்பராவை நடத்தும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள். புத்தகத்தை அவர்கள் வாசித்துக் காட்ட வேண்டாம். வாசித்துவிட்டு மூடிவைத்து, தங்கள் பேச்சில் சொல்லட்டும். படங்களையும் மாற்றுங்கள். சோபாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைக் காட்டினால் அது வேறு யாருக்கோ சொன்ன கதையாகிவிடும். நம் நாட்டு மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருந்தது. ஆனால் தாய்மாரிடம் கேள்வி கேட்டு நிரப்பும் பட்டியல் அந்தப் பிள்ளைகளில் பலரைத் தவறவிட்டது. அதன் பிறகுதான் படங்களைக் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை இங்கேயே உருவாக்கினார்கள். எழுத்தைவிடப் படம் நம் தாய்மாரிடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எந்த இடத்தில் கூடுவது என்பதை அலட்சியமாக முடிவுசெய்யாதீர்கள். ஒரு சங்கத்தின் அலுவலகத்தில் வைத்தால் மற்றச் சங்கத்தார் வர மாட்டார்கள், கோயில் மடத்தில் வைத்தால் வேதக்காரக் (கிறிஸ்தவக்) குடும்பங்கள் தயங்கும், சாதி பற்றிப் பேசாமலே அது ஆளைத் தடுக்கும் இடங்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் பிள்ளைக் காம்பராதான் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது.

பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத் தனிக் கணக்கெடுப்பு வேண்டாம். 18 மாதத்தில் ஒரு தடுப்பூசி, 3 வயதில் ஒரு தடுப்பூசி. இந்த இரண்டுக்கும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கிளினிக்குக்கு வருவார்கள், கிளினிக் புத்தகத்திலேயே வளர்ச்சிப் படிகளைக் குறிக்கும் பக்கம் இருக்கிறது. குடும்ப நல உத்தியோகத்தரோடு (மருத்துவிச்சியோடு) உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பாருங்கள். கஷ்டம் ஐந்து வயதுக்கு மேல். பிள்ளைக் காம்பரா முடிந்துவிடும், விசேட கல்வி அலகுள்ள பாடசாலை தூரம், பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும். ஐந்து முதல் ஒன்பது வயதுவரையான இந்தப் பிள்ளைகளுக்கும் இதே பயிற்சி பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. ஆயாவிடம் கேளுங்கள், முன்பு வந்து பாதியில் நின்ற பிள்ளை யார், வரவே வராத பிள்ளை யார் என்று. அவருக்குத் தெரியும்.

மேலிடம் விடாமல் வற்புறுத்தினால் எதைக் குறைப்பது? பிள்ளையின் கவனத்தை ஈர்ப்பதும் அதை நீடிக்கவைப்பதும் முதல் இரண்டு வகுப்பில் வருகின்றன. அவற்றை ஒரே ஞாயிற்றில் சேர்த்து, மீதியை வீட்டில் போய்ச் சொல்லிக்கொடுக்கலாம். வரவேற்புரை, சான்றிதழ், வீட்டுப்பாடத் தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். வாசிப்பை எடுத்தாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் வகுப்பு ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். வீட்டுச் சந்திப்பு மூன்றில் ஒன்றைக்கூடக் குறைக்கச் சம்மதிக்காதீர்கள், முடிந்தால் நாலாக்குங்கள். வளர்ப்பவரின் மனச்சோர்வு, உடல் அலுப்பு பற்றிக் கடைசி வகுப்பில் விரிவாக வருவதைக் கடைசிவரை வைத்திருக்க வேண்டாம். நாள் முழுக்கச் சரிவில் நின்று கூடை சுமந்த முதுகோடு வருபவளுக்கு ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் பத்து நிமிஷம், சூடான தேநீரோடு, பாடம் எதுவும் இல்லாமல் பேச விடுங்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே வருகிறவர்கள் இருப்பார்கள்.

செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்: எதை மாற்றினோம், ஏன், எந்தத் தோட்டத்தில். வரவு எண்ணிக்கையோடு, எந்த வீட்டில் எந்த வேலையின்போது செய்கிறார்கள் என்பதையும் குறியுங்கள். கேள்வித்தாளுக்கு எல்லோரும் 'பரவாயில்லை' என்றுதான் சொல்வார்கள், எனவே வீட்டில் நேரில் பார்த்ததை எழுதுங்கள். வகுப்புகளுக்கு இடையில் நினைவூட்ட வாட்ஸ்அப் எழுத்தைவிடக் குரல் பதிவு நல்லது. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் கேட்டுக்கொள்வார்கள், பாட்டிக்கும் போட்டுக் காட்டுவார்கள்.

நின்றுபோன தாய்மாரின் வீடுகளுக்கு வருகிற ஞாயிறு மதியமே போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். தேயிலைக் கொட்டைகளை எடுத்துப் பிள்ளையின் நாளை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். அதில் யார் பெயர் அதிகம் வருகிறதோ அவரை அடுத்த வகுப்புக்கு அழையுங்கள். முதல் மூன்று வகுப்பில் சொன்னதை அங்கேயே, அந்த வீட்டு வேலை ஒன்றை வைத்து அரை மணி நேரத்தில் காட்டிவிடலாம். முதலிலிருந்து திரும்பத் தொடங்கத் தேவையில்லை, நாலாவது வகுப்பிலிருந்தே போகலாம்.